பண்டிதர் அயோத்திதாசரும் அவர் பெயர் நிற்கும் கட்டடங்களும்

தாம்பரம் சானடோரியம் இரயில் நிலையத்தில் இறங்கி ஜி.எஸ்.டி. சாலைக்கு வருவோர், தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தை அறியாதிருக்க இயலாது. மூட்டுவலிக்கும் தோல் நோய்க்கும் மருந்து வாங்கக் காலையிலேயே வந்து வரிசையில் நிற்கும் முதியோருள் நம் பகுதியினர் பலர் உளர். அந்நிறுவனத்தைச் சார்ந்த மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதர் மருத்துவமனை என்பது பெயர். சில ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்பு மாணவரிடம் அப்பெயருக்குரியவர் யாவர் என்று வினவினேன். அயோத்தி என்னும் சொல்லைக் கொண்டு, அவர் வடநாட்டு வைத்தியர் ஒருவராக இருக்கலாம் என்று ஒரு மாணவன் விடை கூறினான். வகுப்பு முழுவதும் அவ்விடையை ஏற்றுக்கொண்டது. அவனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. வரலாறு பயின்று பட்டம் பெற்ற நானே, கல்லூரி நாள்களில் அப்பெயரை ஒரு பாடநூலிலும் கண்டேனில்லை. வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை வேண்டும் என நம் சங்கத்தார் கேட்டபொழுது, அம்மாணவனுக்கு அன்று சொல்லாமல் விட்டதை இங்கு எழுதலாம் என்று துணிந்தேன்.

பண்டிதர் வடநாட்டவர் அல்லர். 1845-ஆம் ஆண்டு மே திங்கள் 20-ஆம் நாள் சென்னையில் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். வல்லக்காளத்தி அயோத்திதாசக் கவிராசப் பண்டிதர் என்பாரிடம் தமிழும் சித்த மருத்துவமும் கற்று, ஆசிரியரிடம் கொண்ட பேரன்பினால் அவர் பெயரையே தம் பெயராக ஏற்றுக்கொண்டார். தந்தை பெயரையும் ஊர்ப் பெயரையும் முன்னிட்டுக்கொள்வோர் உண்டு. கல்வி தந்தவரின் பெயரை முழுமையாகச் சூடிக்கொண்டவரை நான் வேறு அதிகம் அறியேன்.

அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் பட்லராகப் பணிபுரிந்தவர். துரையின் சமையற்கட்டையும் உணவு மேசையையும் கவனித்த அவருடைய வீட்டில் ஓலைச்சுவடிகள் இருந்தன. திருக்குறள் சுவடியையும் நாலடி நானூற்றின் சுவடியையும் அவர் தம் துரையிடம் கொடுக்க, அத்துரை அவற்றைத் தமிழறிஞர் எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தார் எனப் பண்டிதரே பின்னாளில் எழுதி வைத்துள்ளார். சேரியில் எழுத்தறிவு இல்லை என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், சேரியிலிருந்து புறப்பட்ட ஏடு அச்சேறும் வழியைத் தேடிப் போயிருக்கிறது. அந்த வீடு எத்தெருவில் இருந்தது என்று காட்ட இன்று ஒரு கல்லும் நடப்படவில்லை.

இளமையிலேயே பண்டிதர் நீலகிரிக்குச் சென்றார். 1870-இல் அங்கே அத்வைதானந்த சபையை நிறுவினார். தொடக்கத்தில் அவருடைய நாட்டம் வேதாந்தத்திலேயே இருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. தேடிய பின்னரே அவர் கண்டடைந்தார். இரட்டைமலை சீனிவாசன் அவர்களின் சகோதரி தனலட்சுமி அம்மையாரை மணந்ததும் இக்காலத்தை ஒட்டியே. 1891-இல் திராவிட மகாஜன சபையைத் தொடங்கி, அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் உதகையில் மாநாடு கூட்டினார். பள்ளிகள், அரசு வேலை, பொதுக் கிணற்றில் நீர் எடுக்கும் உரிமை முதலியவற்றைக் கோரி, பத்துத் தீர்மானங்கள் அங்கு நிறைவேறின.

அடுத்த ஆண்டு நிகழ்ந்ததைச் சற்று விரித்துரைக்க வேண்டும். சென்னை சென்ட்ரல் நிலையத்திற்கு அருகே, ரிப்பன் மாளிகையை ஒட்டிச் செந்நிறத்தில் நிற்கும் விக்டோரியா பொது மண்டபத்தைப் பலரும் பேருந்திலிருந்து பார்த்திருப்பர். 1892-இல் சென்னை மகாஜன சபையின் கூட்டம் அம்மண்டபத்தில் நடைபெற்றது. படித்தவரும் வழக்கறிஞரும் செல்வரும் நிறைந்த அவையில், நீலகிரியின் பிரதிநிதியாகப் பண்டிதர் அமர்ந்திருந்தார். தம் முறை வந்தபொழுது எழுந்து, சிவன் கோயிலும் விஷ்ணு கோயிலும் அனைவருக்கும் பொதுவானவை என்றால் எம் மக்களை ஏன் உள்ளே விடுவதில்லை என்று வினவினார். அவையில் எதிர்ப்புக் கிளம்பியது. தஞ்சையிலிருந்து வந்திருந்த பிரதிநிதி ஒருவர் எழுந்து, உங்கள் குலத்தாருக்கு மதுரை வீரனும் காட்டேரியும் கருப்பண்ணனும் இருக்கையில் சிவனும் விஷ்ணுவும் எதற்கு என்னும் பொருள்படப் பேசினார்.

அவ்வவையில் அவர் அழுதாரில்லை; வெளிநடப்பும் செய்தாரில்லை. அப்படியாயின் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம் என்று விடையிறுத்துவிட்டு, உடனே வேறு இரண்டைக் கேட்டார். எம் பிள்ளைகள் நான்காம் வகுப்பு வரை சம்பளமின்றிப் படிக்கப் பள்ளிகள் வேண்டும். கிராமங்களில் தரிசாகக் கிடக்கும் நிலம் எம் மக்களுக்கு வேண்டும். சாமியைக் கேட்டபோது கொதித்த அவை, பள்ளியையும் நிலத்தையும் கேட்டபோது இசைந்து தீர்மானம் இயற்றியது. அவர் கேட்ட வரிசையையும், மறுக்கப்பட்டவுடன் எதன்பால் திரும்பினார் என்பதையும் நம் இளைஞர்கள் கருதிப் பார்த்தல் வேண்டும்.

அவர் நிலம் கேட்டதன் பொருளை உணர நாம் வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. தாம்பரமும் பல்லாவரமும் அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்துச் சிற்றூர்கள். அம்மாவட்டத்தின் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் துரை, நம் மக்களின் நிலையை ஆராய்ந்து அரசுக்கு அறிக்கை அளித்தார். குடிசை நம்முடையது, அது நிற்கும் மண் மிராசுதாருடையது. எதிர்த்து ஒரு சொல் சொன்னால் குடியிருப்பே போய்விடும் என்னும் அச்சத்தில் மக்கள் வாழ்ந்தனர். அவ்வறிக்கையின் பயனாக 1892 செப்டம்பர் 30-இல் பிறந்த அரசாணையே பஞ்சமி நிலங்களுக்கு வழிவகுத்தது. அந்நிலங்கள் பின்னர் யார் யார் கைக்குப் போயின என்பதைப் பாட்டன்மாரிடம் கேட்டறிக. 2023-இல் தமிழ்நாடு அரசு, ஆதிதிராவிடர் குடியிருப்புகளை மேம்படுத்த ஐந்தாண்டுகளில் 1,000 கோடி ரூபாய் செலவிடும் திட்டத்தை அறிவித்தபோது, அதற்கு அயோத்திதாசப் பண்டிதர் பெயரையே இட்டது பொருத்தமேயாகும்.

இனிப் பள்ளியின் கதை. அடையாற்றில் பிரம்மஞான சபையின் தலைவராக இருந்த அமெரிக்கர் கர்னல் ஆல்காட், 1894-இல் ஊரூர்ப் பகுதியில் நம் பிள்ளைகளுக்கென ஓர் இலவசப் பள்ளியைத் திறந்தார். தொடர்ந்து கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் ஆகிய இடங்களிலும் பஞ்சமர் பள்ளிகள் தோன்றின. பண்டிதர் இப்பள்ளிகளில் மிகுந்த அக்கறை கொண்டிருந்தார். ஊரூரில் தொடங்கிய பள்ளி, ஆல்காட் நினைவுப் பள்ளியாகப் பெசன்ட் நகரில் இன்றும் நடைபெறுகிறது. கடற்கரைக்குப் போகும் நம் இளைஞர்கள் ஒருமுறை அதன் வாயிலிலும் நின்று பார்க்கலாம்.

1898-இல் பண்டிதர், பஞ்சமர் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியரான கிருஷ்ணசாமியாருடன் ஆல்காட்டை அணுகி, நாங்கள் எம் முன்னோரின் பௌத்த நெறிக்குத் திரும்ப விரும்புகிறோம் என்று தெரிவித்தார். உடன் சென்றவர் ஒரு தலைமையாசிரியர் என்று படித்தபொழுது எனக்கு உண்டான மகிழ்ச்சியை வாசகர் பொறுத்தருள்க. மூவரும் இலங்கை சென்றனர். கொழும்பு வித்தியோதயப் பிரிவேனாவில், சுமங்கல மகா தேரரிடம் பண்டிதர் பஞ்சசீலம் ஏற்றார். அண்ணல் அம்பேத்கர் நாகபுரியில் பௌத்தம் தழுவியதற்கு அது 58 ஆண்டுகள் முற்பட்டது.

திரும்பி வந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அதன் பிறகு அவர் வாழ்வெல்லாம் இராயப்பேட்டையே. அங்கே நோயாளருக்கு மருந்து கொடுத்தார்; கூட்டங்களில் பேசினார்; எழுதினார். 1907 ஜூன் 19, புதன்கிழமையன்று ஒரு பைசாத் தமிழன் என்னும் வார இதழைத் தொடங்கினார். அதன் விலையே அதன் பெயராயிற்று. ஓராண்டிற்குப் பின் தமிழன் என்று பெயர் சுருங்கிற்று. அதன் வீச்சு விரிந்தது. கோலார் தங்க வயலில் சுரங்கத்துள் இறங்கி உழைத்த நம்மவர், அவ்விதழை வாங்கினர், வாசித்தனர், கேட்டனர். பர்மாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் பிழைக்கப் போனோரிடமும் அது சென்றது. அச்சு எழுத்தைக் கோக்கவும் தாள் வாங்கவும் பொருள் முட்டிய நாள்கள் பல. எனினும் அவர் மறையும்வரை இதழ் நின்றதில்லை.

அவ்விதழில் அவர் நாட்டின் வரலாற்றையே திருப்பி எழுதினார். இழிந்தோர் எனப்பட்டோர் முற்காலப் பௌத்தர். பௌத்தம் வீழ்த்தப்பட்டபோது தாழ்த்தப்பட்டனர் என்பது அவர் கொள்கை. தீபாவளியைக்கூட, எள்ளிலிருந்து நெய் கண்ட நாளின் கொண்டாட்டம் என்றார். அவருடைய சொல்லாராய்ச்சி முழுவதையும் இன்றைய அறிஞர் ஏற்பர் என்று நான் கூறமாட்டேன். சிலவிடத்து எனக்கும் ஐயம் உண்டு. ஆயினும், நீ யார் என்று பிறர் சொல்லக் கேட்டே பழகிய மக்களுக்கு, நாம் யார் என்று தாமே சொல்லும் துணிவை அவர் ஊட்டினார்.

1914 மே 5-ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். 69 வயது நிறைவுறப் பதினைந்து நாள்களே இருந்தன. அவர் மகன் பட்டாபிராமன் இதழைச் சிறிது காலம் நடத்தினார். பின்னர்க் கோலார் தங்க வயலில் ஜி. அப்பாதுரையார் அதனை மீண்டும் நடத்தினார். பண்டிதரின் நூல்களும் அங்கிருந்தே வெளிவந்தன. அதற்குப் பின் நெடுங்காலம் அவர் பெயர் பொதுவெளியில் ஒலிக்கவில்லை. பழைய தமிழன் இதழ்களைப் பேணி வைத்தவர்கள் எளிய குடும்பத்தினரே. அவற்றைத் திரட்டி, ஞான அலாய்சியஸ் 1999-இல் இரு பெருந்தொகுதிகளாகப் பதிப்பித்த பின்னரே தமிழ்நாடு அவரைத் திரும்பிப் பார்த்தது.

சானடோரியம் என்னும் பெயர் நம் ஊருக்கு வந்த கதையும் ஒரு மருத்துவருடையதே. டாக்டர் சவுரிமுத்து, காசநோயாளருக்கென 1928-இல் பச்சைமலை அடிவாரத்தில் மருத்துவ நிலையம் அமைத்தார். 1937-இல் அது அரசின் கைக்கு வந்தது. அதனை அடுத்து எழுந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தைப் பிரதமர் மன்மோகன் சிங் 2005 செப்டம்பர் 3-இல் திறந்துவைத்தார். பண்டிதர் உருவம் பொறித்த அஞ்சல் தலையும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. 2023 டிசம்பர் முதல் நாள், கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. இரட்டைமலை சீனிவாசன் அவர்களின் நினைவிடமும் அதே வளாகத்தில் உள்ளது. மைத்துனர் இருவரையும் ஒரே நாளில் கண்டு வரலாம்.

ஞான அலாய்சியஸ் பதிப்பித்த தொகுதிகள் நம் சங்க நூலகத்தில் இரும்பு அலமாரியின் மேல்தட்டில் உள்ளன. இரவல் பதிவேட்டைப் புரட்டினேன். இதுவரை நால்வரே எடுத்துச் சென்றுள்ளனர். நூலகம் மாலை 6 மணி முதல் 8 மணி வரை திறந்திருக்கும்.