கேள்விக்குப் பணியாத ஜான் லில்பர்ன்

அரசு என ஒன்று இருக்குமாயின் ஆராய்ச்சியும் இருந்தே தீர வேண்டும். ஆராயாது கொல்வித்த பாண்டியனின் பிழையைச் சிலப்பதிகாரம் நமக்குக் காட்டியுள்ளது. கேட்க வேண்டியதைக் கேளாமை ஒரு கொடுமை. குற்றம் இன்னதென்று கூறாமலே ஒருவரை நிறுத்தி, அவர் வாயிலிருந்தே அவருக்கு எதிரான சான்றைப் பெற முயல்வது மற்றொரு கொடுமை. இந்த இரண்டாவது கொடுமையை எதிர்த்து நின்றவர் பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வாழ்ந்த ஜான் லில்பர்ன். முதன்முறை கைதான 1637 முதல் இறந்த 1657 வரையிலான இருபது ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதிக்காலம் அவர் சிறையில் இருந்தார்.

பிரமாணம் செய்ய மறுத்தவர்

டர்ஹாம் பகுதியின் சிறு நிலக்கிழார் குடும்பம் ஒன்றைச் சார்ந்த லில்பர்ன், இளமையில் இலண்டன் துணி வணிகர் ஒருவரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். முதலாம் சார்லஸ் மன்னரும் ஆயர்களும் சமய எதிர்ப்பை அரச எதிர்ப்பாகவே கருதிய காலம் அது. உரிமம் பெறாத நூல் அரசின் பாதுகாப்புக்கு ஊறு என எண்ணப்பட்டது. ஹாலந்தில் அச்சான பியூரிட்டன் நூல்களை இங்கிலாந்துக்குள் கொண்டுவந்தார் என்ற ஐயத்தின்பேரில் 1637 டிசம்பரில் அவர் பிடிபட்டார்.

ஸ்டார் சேம்பர் எனப்பட்ட அரச நீதிமன்றத்தின் விசாரணை முறை தனித்தன்மை வாய்ந்தது. அங்கு நடுவர் குழு இல்லை. கேட்கப்படுவது எதுவாயினும் உண்மையே உரைப்பேன் என்று முதலில் சத்தியப் பிரமாணம் செய்ய வேண்டும். கேள்விகள் பின்னரே வரும். சமயப் பற்றுடைய ஒருவர் இதனால் பொறியில் சிக்குவார். பொய்யுரைத்தால் இறைவனுக்குப் பிழை, மெய்யுரைத்தால் தமக்கும் தம் நண்பர்க்கும் தண்டனை, பேசாதிருந்தால் அவமதிப்பு.

லில்பர்ன் தொடக்கத்தில் வாய் மூடியவர் அல்லர். தம் மீதான குற்றச்சாட்டைச் சார்ந்த வினாக்களுக்கு விடை கூறினார். வினாக்கள் பிறரை நோக்கித் திரும்பியதும் நிறுத்திக்கொண்டார். பிரமாணம் செய்யவும் மறுத்தார். அவருடன் நிறுத்தப்பட்ட ஜான் வார்ட்டன் என்னும் நூல் விற்பனையாளர் எண்பது வயதைக் கடந்த முதியவர், அவரும் மறுத்தார்.

1638 பிப்ரவரியில் 500 பவுண்டு அபராதமும் கசையடியும் லில்பர்னுக்கு விதிக்கப்பட்டன. ஏப்ரல் 18 அன்று வண்டியின் பின்னே கட்டப்பட்டு, ஃபிளீட் சிறையிலிருந்து வெஸ்ட்மின்ஸ்டர் வரை அடிபட்டுக்கொண்டே நடந்தார். அங்கே கழுத்தைத் தொழுமரத்தில் பூட்டிய நிலையிலும் மக்களிடம் பேசினார். வாயை அடைத்தனர். பேச மறுத்ததற்காகத் தண்டிக்கப்பட்டவரைப் பேசியதற்காகவும் தண்டித்தனர் என்பது இந்நிகழ்ச்சியின் முரண்.

1640 நவம்பரில் ஆலிவர் கிராம்வெல் நாடாளுமன்றத்தில் அவருக்காகப் பரிந்து பேசினார், விடுதலை கிடைத்தது. 1641இல் ஸ்டார் சேம்பரே ஒழிக்கப்பட்டது.

ஆட்சி மாறினும் மாறாதவர்

லில்பர்னின் கதை இத்துடன் முடிந்திருந்தால், கொடுங்கோலனை எதிர்த்த வீரர் பலருள் ஒருவராக அவர் நின்றிருப்பார். அவருடைய தனிச்சிறப்பு, தம் பக்கத்தார் ஆட்சிக்கு வந்த பின்னரே வெளிப்பட்டது. உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றத்துக்காகப் போரிட்டார். எட்ஜ்ஹில்லிலும் மார்ஸ்டன் மூரிலும் களம் கண்டார். எனினும் 1645இல், படையினர் ஏற்க வேண்டியிருந்த சமய உடன்படிக்கைப் பிரமாணத்தை ஏற்க மனமின்றிப் படைப் பதவியைத் துறந்தார். 1646இல் பிரபுக்கள் அவை விசாரித்தபோது மண்டியிட மறுத்தார். இலண்டன் கோபுரச் சிறைக்கு அனுப்பப்பட்டார்.

1649இல் மன்னரின் தலை வீழ்ந்தது, குடியரசு எழுந்தது. புதிய ஆட்சியைக் கண்டித்து வெளிவந்த நூலின் பொருட்டு லில்பர்னும் வால்வின், ஓவர்ட்டன், பிரின்ஸ் ஆகிய தோழர் மூவரும் அரசு மன்றத்தின் முன் நிறுத்தப்பட்டனர். நூலை எழுதியவர் யார் என்ற கேள்விக்கு விடை தர மறுத்தனர். எதிரிகளால் சூழப்பட்ட இளங்குடியரசுக்கு அச்சம் இருந்தது. அவ்வச்சம் முற்றும் கற்பனையன்று. ஆயினும் அச்சம் வந்தவுடன் அது மன்னர் கையாண்ட முறையையே நாடியது என்பதை லில்பர்ன் கண்டார்.

அவ்வாண்டு மே மாதத்தில் சிறையிலிருந்தே நால்வரும் ஓர் அரசியலமைப்பு வரைவை வெளியிட்டனர். குற்ற வழக்கில் தனக்கு எதிரான கேள்விக்கு விடை கூற மறுத்ததற்காக எவரையும் தண்டிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கும் இல்லை என்பது அதன் விதிகளுள் ஒன்று. பட்ட அடி சட்ட வாசகமாக மாறிய இடம் இதுவே எனலாம்.

அக்டோபரில் இராசத்துரோக வழக்கு நடந்தது. நூல்கள் அவருடையவையா என வினவப்பட்டபோது, மெய்ப்பிப்பது வழக்குத் தொடுத்தோர் கடமை என்ற நிலையில் உறுதியாக நின்றார். நடுவர் குழு அவரை விடுவித்தது. நாடு கடத்தப்பட்டுத் திரும்பிய பின் 1653இல் மீண்டும் வழக்கு. மீண்டும் விடுதலைத் தீர்ப்பு. இம்முறை அரசு மன்றம் நடுவர்களையே அழைத்து விசாரித்தது. அவர்களுள் பலர் தம் மனச்சான்றையே காரணமாகக் காட்டி விடையைச் சுருக்கிக்கொண்டனர். லில்பர்னின் வழக்கம் நடுவர்களையும் தொற்றியது போலும்! ஆயினும் அவர் விடுவிக்கப்படவில்லை. ஜெர்சித் தீவிலும் டோவர் கோட்டையிலும் சிறைவைக்கப்பட்டார். இறுதிக் காலத்தில் குவேக்கர் நெறியை ஏற்று, 1657 ஆகஸ்டு 29 அன்று எல்த்தமில் மறைந்தார்.

அவர் இனிமையான மனிதர் அல்லர். உலகில் அவர் ஒருவரே எஞ்சினாலும் ஜானும் லில்பர்னும் தமக்குள் சண்டையிடுவர் என்று அக்காலத்தவர் நகையாடினர். ஆனால் பணிவுடையோர்க்கு மட்டுமே உரியதாயின் அது உரிமையாகாது, சலுகையாகும்.

மரபும் இன்றைய வினாவும்

இவ்வுரிமை ஒருவரால் மட்டும் பிறந்ததன்று. குற்றஞ்சாட்டப்பட்டோர்க்கு வழக்குரைஞர் துணை பெருகிய பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேதான் இது நடைமுறையில் வேரூன்றியது என்பாரும் உளர். எனினும் மரபின் தொடர்ச்சி தெளிவானது. 1791இல் அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தம், 1950இல் நம் அரசியலமைப்பின் 20(3) ஆம் பிரிவு ஆகியன இதை ஏற்றன. 1966இல் மிராண்டா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் லில்பர்னின் வழக்கைப் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தது. 1978இல் நந்தினி சத்பதி வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், இப்பாதுகாப்பு காவல்துறை விசாரணை நிலையிலேயே தொடங்குகிறது என்று தீர்ப்பளித்தது.

நாட்டின் பாதுகாப்பு என்ற பெயரில் இக்கதவு மறுபடியும் தட்டப்படுகிறது. 2003இல் ஆஸ்திரேலியா, குற்றம் சாட்டப்படாதவரையும் அழைத்துக் கேள்வி கேட்கும் அதிகாரத்தை உளவு அமைப்புக்கு அளித்தது. விடை தர மறுத்தால் ஐந்தாண்டு வரை சிறை. அவ்வாறு பெற்ற விடையைக் குற்ற வழக்கில் அவருக்கு எதிராகப் பயன்படுத்தலாகாது என்ற காப்பும் உடன் வைக்கப்பட்டது. வெடிகுண்டுக்கு அஞ்சும் மக்களைக் காக்க வேண்டிய கடமை அரசுக்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஸ்டார் சேம்பரில் இல்லாத காப்பு இது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆயினும் 1638இல் லில்பர்ன் அஞ்சியது தம் விடைக்கு மட்டுமன்று. தம் விடையால் பிறர் வீட்டுக் கதவு தட்டப்படும் என்பதற்கும் அஞ்சினார். அந்த அச்சத்துக்கு எக்காப்பும் இன்னும் எழுதப்படவில்லை. இத்தகைய சட்டம் எந்த நாட்டில் இயற்றப்படினும், அதை இயற்றுவோர் நாளை அதிகாரம் தம் எதிரிகளின் கைக்கு மாறும் எனக் கருதிப் பார்த்தல் வேண்டும். மன்னரிடமிருந்து கிராம்வெல்லின் கைக்கு மாறியபோது அதன் இயல்பு மாறவில்லை என்பதே லில்பர்னின் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.