இரும்பு நுரையீரல் கண்ட டிரிங்கர்

குடவாசல் போன்ற காவிரிநாட்டு ஊர்களில் ஏர்க்கொழு அடிக்கும் கொல்லனது உலைத்துருத்தியை நினைத்துப் பாருங்கள். துருத்தி விரியுங்கால் காற்றுத் தானே உட்புகும், சுருங்குங்கால் வெளியேறும். நம் மார்பும் அத்தகையதே. உதரவிதானம் என்னும் தசை கீழிறங்கி விலா எலும்புகள் விரிய, வெளிக்காற்று நுரையீரலுள் பாய்கின்றது. இளம்பிள்ளைவாதம் இத்தசைகளைத் தாக்கிவிட்டால், நுரையீரல் பழுதின்றி இருந்தும் குழந்தை மூச்சின்றி மடியும். இக்கொடுமைக்கு மாற்றுக் கண்டவர் பிலிப் டிரிங்கர்.

இவர் 1894-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்திற் பிறந்தார். கற்றது வேதிப்பொறியியல், மருத்துவம் அன்று. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தொழிற்சாலைத் தூசியை ஆராய்ந்து வந்த இவரிடம், நச்சுவாயுவாலும் மின்தாக்குதலாலும் மூச்சடங்கியோரைப் பிழைப்பிக்க வழிகாணும் பணி வந்து சேர்ந்தது. அக்காலை இவர் தமையனார் செசிலும், லூயி அகாசி ஷா என்பவரும் பூனையின் உடலைப் பெட்டியிலடைத்து, தலையை மட்டும் வெளியே விட்டு, அதன் மூச்சை அளந்து வந்தனர். அதைக் கண்ட டிரிங்கருக்குப் புதுக்கருத்து ஒன்று தோன்றியது. மருந்தால் தசைகள் செயலற்ற பூனையொன்றை அவ்வாறே வைத்து, ஊசிக்குழலால் பெட்டியின் காற்றை இழுத்தும் செலுத்தியும் பார்த்தார். இழுத்தபோது மார்பு விரிந்தது, செலுத்தியபோது அடங்கியது. தானே மூச்சுவிட இயலாத அவ்வுயிர் பிழைத்திருந்தது!

பின்னர் அவரும் ஷாவும் ஆளைக் கிடத்தத்தக்க உலோக உருளை ஒன்றைச் செய்தனர். கழுத்தைச் சுற்றி ரப்பர்ப் பட்டை. காற்றை இழுக்கத் தூசி உறிஞ்சும் இயந்திரங்களின் விசைகள். அதனுள் தாமே படுத்துச் சோதித்தனர்.

1928 அக்டோபர் 12 அன்று பாஸ்டன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி மூச்சடங்கும் நிலையிற் கிடந்தாள். அவளை உருளையினுள் கிடத்தி விசையை முடுக்கினர். சற்று நேரத்தில் நினைவு மீண்டது. அவள் ஐஸ்கிரீம் கேட்டாள் என்றும், அதுகண்டு டிரிங்கர் கண்ணீர் உகுத்தார் என்றும் கூறுவர். ஆனால், சில நாட்களில் நுரையீரல் அழற்சி அவளைக் கொண்டுபோயிற்று. கருவி தோற்றதென்று கைவிட்டிருக்கலாம், அவர்கள் கைவிடவில்லை. அடுத்து அதனுள் வைக்கப்பெற்ற ஹார்வர்டு மாணவர் ஒருவர் பிழைத்தெழுந்தார். இரும்பு நுரையீரல் எங்கும் வேண்டப்பெற்றது.

1931-இல் எமர்சன் என்பவர் அதனினும் எளிய, விலை குறைந்த கருவியைச் செய்தார். டிரிங்கர் தரப்பினர் அவர்மேல் வழக்குத் தொடுத்துத் தோற்றனர். உயிர்காக்கும் பொருளுக்காக நேர்ந்த இவ்வழக்கு வருந்தத்தக்கதே.

1952-இல் கோபன்ஹேகன் நகரில் வாதநோய் பரவியபோது, மூச்சுக்குழலில் துளையிட்டு அதன்வழிக் காற்றுச் செலுத்தும் முறை மேலோங்கியது. 1955-இல் தடுப்பூசியும் வந்தது. டிரிங்கரோ தம் பழைய தூசி ஆராய்ச்சியில் ஈடுபட்டுத் தொழிலாளர் நலங்காத்து, 1972-இல் மறைந்தார். துளையும் குழாயுமின்றி, முகமூடி வழியே காற்றை அழுத்தித் தரும் முறை 1980-களுக்குப் பின் பரவியது. நாட்பட்ட நுரையீரல் நோய் திடீரென முற்றித் திணறுவோர்க்கு இன்று மருத்துவர் பெரிதும் நாடுவது அதனையே. அதனைக் காண டிரிங்கர் இருந்திலர்.