அடையாற்றில் ஓர் அடைக்கலம்

தென்சென்னையில் புற்றுநோய் என்றதும் பலர்க்கும் நினைவில் எழுவது அடையாறு மருத்துவமனை. அதனை நிறுவியவர் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி.

1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த அவர், ஆண்களே பயின்ற மன்னர் கல்லூரியில் மன்னரின் ஒப்புதலோடு சேர்ந்தார். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். தேவதாசி முறையை எதிர்த்து அவர் சட்டமன்றத்தில் போராடியதை நீங்கள் அறிவீர்கள். அப்புகழின் நிழலில் மறைந்துபோன துயரம் ஒன்றுண்டு. 1923-இல் அவர்தம் தங்கை சுந்தராம்பாள் மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். தாம் மருத்துவராக இருந்தும் உடன்பிறந்தாளைக் காக்க இயலவில்லை.

அந்நோய் ஏன் தோன்றுகிறது என்பதை அன்றைய மருத்துவம் தெளிவாக அறியாது. நம் உடற்செல்கள் வேண்டும்போது பிரிகின்றன, வேண்டாதபோது ஓய்கின்றன. சைக்ளின் எனும் புரதங்கள் செல்லுக்குள் பெருகியும் சிதைந்தும், கைனேஸ் எனும் நொதிகளுடன் இணைந்து பிரிதலைப் படிப்படியாக நடத்துகின்றன. பி53 எனும் புரதமோ காவலாளி. டி.என்.ஏ. பழுதுற்றால் பிரிதலை நிறுத்தும். பழுது நீங்காவிடில் அச்செல்லையே மாய்க்கும். இக்காவலாளிக்குரிய மரபணு கெட்டால் பழுதுற்ற செல்லும் தடையின்றிப் பெருகும். மனிதர்க்கு வரும் புற்றுநோய்களுள் ஏறத்தாழப் பாதியில் இப்பழுது காணப்படுகிறது.

காரணம் தெரியும்வரை முத்துலட்சுமி காத்திருக்கவில்லை. புற்றுநோய் வந்தால் சாவே முடிவு, அதற்கு மருத்துவமனை எதற்கு என்று பலரும் எண்ணிய காலம் அது. அவர் மாதர் சங்கத்தின் வாயிலாக நிதி திரட்டினார். 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 சூன் 18 அன்று 12 படுக்கைகளுடன் மருத்துவமனை தொடங்கிற்று. அவர்தம் மகன் கிருஷ்ணமூர்த்தி அங்கே பணியாற்றினார்; மறு ஆண்டில் இளம் மருத்துவர் சாந்தாவும் வந்து சேர்ந்தார். படுக்கைகளின் எண்ணிக்கையைக் கண்டு நகைத்தோரும் இருந்திருக்கலாம், நோயாளிகள் நகைத்திரார். 1957-இல் கோபால்ட்-60 கதிர்க்கருவி அங்கு வந்தது. விடாது பிரியும் செல்களே அக்கதிரால் மிகுதியும் மடியும்.

முத்துலட்சுமி 1968-இல், தம் 81-ஆம் வயதில் மறைந்தார். பி53 கண்டறியப்பட்டது அதற்கு 11 ஆண்டுகளுக்குப் பின், சைக்ளின் 1982-இல்.