அலெக்சிசு கரெல்

அலெக்சிசு கரெல் (சூன் 28, 1873 – நவம்பர் 5, 1944) பிரான்சு நாட்டு அறுவை மருத்துவரும் உயிரியலாளரும் ஆவார். குருதிக்குழாய்களை அடைப்பு ஏற்படாதவாறு தைத்து இணைக்கும் முறைக்காகவும் உறுப்புமாற்று ஆய்வுகளுக்காகவும் 1912 இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு பெற்றார்.

பின்னணி

1894 சூனில் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் சாடி கார்னோ லியோன் நகரில் கத்தியால் குத்தப்பட்டார். கல்லீரலுக்குச் செல்லும் பெருஞ்சிரை அறுபட்டது. அதைத் தைக்கும் வழி அன்று இல்லாததால் சில மணி நேரத்தில் இறந்தார். அந்நகரில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த கரெலின் கவனம் இதன்பின் குருதிக்குழாய்களின் பக்கம் திரும்பியது. லியோன் பட்டுத்தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கிருந்த லெருதியே என்னும் பூத்தையற் பெண்மணியிடம் அவர் நுண்தையல் கற்றார்.

தையல் முறை

குருதிக்குழாயின் உட்புறத்தை மெல்லிய உயிரணுப் படலம் மூடியுள்ளது. இப்படலம் சிதைந்தால் அவ்விடத்தில் குருதி உறைந்து குழாய் அடைபடும். முந்தைய தையல்கள் பல தோற்றதற்கு இதுவும் நுண்ணுயிர்த் தொற்றுமே முதன்மைக் காரணங்கள் எனலாம். கரெல் மிக நுண்ணிய ஊசியையும் வாசலீன் பூசிய பட்டு நூலையும் பயன்படுத்தினார். குழாயின் விளிம்பில் மூன்று இடங்களில் நூலிட்டு இழுத்தால் வட்டமான வாய் முக்கோணமாகிறது. நேர்க்கோட்டில் தைப்பது எளிது. எதிர்ச்சுவரும் ஊசியில் சிக்காது. உட்படலம் உட்படலத்தைத் தொடுமாறு விளிம்புகள் இணைக்கப்பட்டன. இம்முறையை 1902 இல் வெளியிட்டார்.

1904 இல் வட அமெரிக்கா சென்ற கரெல், சிக்காகோவில் சார்லசு கத்ரியுடன் இணைந்து இதைச் செம்மைப்படுத்தினார். நோபல் பரிசில் கத்ரிக்குப் பங்கு கிடைக்கவில்லை; இது நியாயமன்று எனக் கருதுவோர் உளர். 1906 முதல் கரெல் நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆய்வு நிலையத்தில் பணியாற்றினார்.

1908 அவசர அறுவை

குருதிப்போக்கால் இறக்கும் நிலையிலிருந்த, பிறந்து சில நாட்களேயான குழந்தையைக் காக்க 1908 இல் கரெல் அழைக்கப்பட்டார். குருதி உறையாமல் சேமிக்கும் சிட்ரேட்டு முறை 1914 இல்தான் வந்தது. எனவே தந்தையின் மணிக்கட்டுத் தமனியைக் குழந்தையின் கால் சிரையுடன் நேரடியாகத் தைத்தார். அச்சிரை மிக மெல்லியது. உட்படலம் சற்றுச் சிதைந்தாலும் ஓட்டம் நின்றிருக்கும். குருதி பாய்ந்தது, குழந்தை பிழைத்தது.

பிற்காலம்

முதல் உலகப்போரில் என்றி டேக்கினுடன் சேர்ந்து புண்களைக் கழுவித் தூய்மையாக்கும் முறையை உருவாக்கினார். 1935 இல் வெளிவந்த அவரது நூல் இனமேம்பாட்டுக் கொள்கையை ஆதரித்தது. குற்றவாளிகள் சிலரை நச்சுவாயுவால் கொல்லலாம் என்றும் கூறியது. 1941 இல் விசி அரசின் ஆதரவுடன் ஆய்வு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். இக்காரணங்களால் 1990களில் பிரான்சில் பல தெருக்களிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது.