சிரிப்பை ஆயுதமாக்கிய சாப்ளின்

தொளதொளவென்ற காற்சட்டை, இறுக்கமான மேற்சட்டை, சிறு மீசை, கையில் ஒரு பிரம்பு. இந்தத் தோற்றத்தைத் திரையில் கண்டவுடனேயே உலக மக்கள் சிரித்தார்கள். அதற்குச் சொந்தக்காரர் சார்லி சாப்ளின். போரின் கொடுமையையும் நகைச்சுவையின் வழியே கேள்வி கேட்கலாம் என்று காட்டியவர் அவர்.

சாப்ளின் 1889ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இருவரும் இலண்டன் மேடைக் கலைஞர்கள். தந்தை குடிப்பழக்கத்துக்கு அடிமையாகிக் குடும்பத்தைப் பிரிந்தார். தாயாரின் உடல்நலமும் மனநலமும் குன்றின. ஏழு வயதில் சாப்ளின் ஏழைகளுக்கான இல்லத்தில் சேர்க்கப்பட்டார். பசியையும் அவமானத்தையும் அவர் அங்கேயே அறிந்துகொண்டார். சிறு வயதிலேயே மேடையேறிய அவர், 1910ஆம் ஆண்டில் ஒரு நகைச்சுவைக் குழுவுடன் அமெரிக்கா சென்றார். 1914இல் திரைப்படங்களில் நடிக்கத் தொடங்கி, நாடோடி வேடத்தால் பெரும்புகழ் பெற்றார்.

முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1918ஆம் ஆண்டில், போர்க்களத்தைப் பற்றி நகைச்சுவைப் படம் எடுக்க அவர் முடிவு செய்தார். அது ஆபத்தான முயற்சி என்று நண்பர்கள் எச்சரித்தனர். ஆயினும், 'ஷோல்டர் ஆர்ம்ஸ்' என்னும் அப்படம் அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்தது. போர்ப் படமென்றால் வீரத்தைப் போற்றுவது வழக்கம். சாப்ளினோ, தண்ணீர் நிறைந்த பதுங்குகுழியில் உறங்க முயலும் ஓர் எளிய வீரனைக் காட்டினார். தனக்குக் கடிதம் வராததால், இன்னொரு வீரனின் கடிதத்தை அவன் தோளுக்குப் பின்னால் நின்று படிக்கும் காட்சி சிரிப்போடு துயரத்தையும் தந்தது. போர்முனையின் துன்பத்தை நேரில் அறிந்த வீரர்களே இப்படத்தை விரும்பிப் பார்த்தனர்.

இருபது ஆண்டுகளுக்குப் பின் ஜெர்மனியின் சர்வாதிகாரி ஹிட்லரால் உலகம் நடுங்கியது. சாப்ளின் பிறந்து நான்கே நாள்களில் பிறந்தவர் ஹிட்லர். இருவருக்கும் ஒரே வகையான சிறு மீசை. இந்த ஒற்றுமை சாப்ளினுக்குக் கைகொடுத்தது. 'தி கிரேட் டிக்டேட்டர்' என்னும் படத்தில் கொடிய சர்வாதிகாரியாகவும் எளிய யூத முடிதிருத்துநராகவும் அவரே இரட்டை வேடமேற்றார். ஹிட்லரைச் சினமூட்ட விரும்பாத பலர் இப்படம் வேண்டாம் என்றனர். சாப்ளின் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டார். ஐரோப்பாவில் போர் மூண்ட 1939 செப்டம்பரிலேயே படப்பிடிப்பும் தொடங்கியது.

1940இல் வெளிவந்த அப்படத்தில், சர்வாதிகாரி உலக உருண்டை போன்ற பலூனைத் தூக்கிப் போட்டு ஆடுகிறான். இறுதியில் அது அவன் கையிலேயே வெடித்துவிடுகிறது. பேராசையின் முடிவை அக்காட்சி ஒரு சொல்லும் இல்லாமல் உணர்த்தியது. ஆனால், படத்தின் முடிவில் சாப்ளின் நகைச்சுவையை ஒதுக்கிவைத்தார். சர்வாதிகாரி எனத் தவறாகக் கருதப்பட்ட முடிதிருத்துநர், மேடையேறி மனிதநேயத்தை வேண்டி நெடுநேரம் பேசுகிறார். இது நகைச்சுவைப் படத்துக்குப் பொருந்தவில்லை என்று சிலர் குறை கூறினர். இருப்பினும், படம் பெரும் வெற்றி பெற்றது.

போருக்குப் பின் யூதர்களின் வதைமுகாம்களைப் பற்றிய முழு உண்மையும் வெளிவந்தது. அக்கொடுமையை முன்பே அறிந்திருந்தால் தம்மால் அப்படத்தை எடுத்திருக்க முடியாது எனச் சாப்ளின் பின்னாளில் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். எதைக் கண்டு சிரிக்கலாம், எதைக் கண்டு சிரிக்கக்கூடாது என்னும் கேள்வி அவர் மனத்தை விட்டு அகலவில்லை. அதனாலேயே அவருடைய கேலி அதிகாரத்தில் இருப்பவர்மீது பாய்ந்தது. துன்புறுவோரை அவர் பரிவோடு காட்டினார்.

அரசியல் சந்தேகங்களால் 1952இல் அமெரிக்கா அவர் மீண்டும் நுழைவதற்கான அனுமதியை இரத்து செய்தது. அவர் சுவிட்சர்லாந்தில் குடியேறினார். அதே அமெரிக்கா 1972இல் அவரை அழைத்துச் சிறப்பு ஆஸ்கார் விருது வழங்கியது. 1977ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் சாப்ளின் மறைந்தார். கொடியவர்கள் தம்மைக் கண்டு மக்கள் அஞ்ச வேண்டும் என்றே விரும்புவர். அந்த அச்சத்தைச் சிரிப்பால் குறைக்கலாம் என்பதை அவர் படங்கள் இன்றும் காட்டுகின்றன.