இலைக்கன்களுக்குச் சொல் தந்த எரிக் அக்காரியஸ்

பழைய மதிற்சுவரிலும் மரப்பட்டையிலும் சாம்பல், பச்சை, மஞ்சள் நிறத் திட்டுகளாகப் படர்ந்திருக்கும் இலைக்கன்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். பங்கசும் அல்காவும் இணைந்து வாழ்வதற்கு உதாரணமாக விஞ்ஞான பாடத்திலும் இவற்றைக் கற்றிருப்பீர்கள். ஒரு காலத்தில் தாவரவியலாளர் பலர் கவனியாது விட்ட இந்த உயிர்களை ஒழுங்குபடுத்தி விவரித்தவரே எரிக் அக்காரியஸ். இலைக்கனியலின் தந்தை என அழைக்கப்படும் இவரது வாழ்க்கையை இங்கு நோக்குவோம்.

அக்காரியஸ் 1757 ஒக்டோபர் 10ஆம் திகதி சுவீடனின் யேவ்லே நகரில் பிறந்தார். 1773இல் உப்சாலாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, இருசொற் பெயரீட்டை நிலைநாட்டிய கரோலஸ் லினேயஸிடம் கற்றார். 1776இல் லினேயஸின் முன்னிலையில் ஆய்வுரையை வாதிட்டார். அம்மேதையின் முன் அவ்வாறு வாதிட்ட இறுதி மாணவர் இவரே. பின்னர் லுண்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்று, 1785இல் வெற்றேன் ஏரிக்கரையிலுள்ள வாட்ஸ்டேனா என்ற சிறு நகரின் மருத்துவரானார். தொழில் மருத்துவம், மனம் நாடியதோ இலைக்கன்களை.

இங்கு ஒரு சிக்கலை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். லினேயஸ் 1753இல் வெளியிட்ட தமது நூலில், தாம் அறிந்த இலைக்கன்கள் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஒரே சாதியில் அடக்கியிருந்தார். பாறையோடு ஒட்டிய மேலோடும், இலைபோல் விரிந்ததும், கிளைவிட்டுத் தொங்குவதும் ஒரே பெயரின் கீழ் நின்றன. புதிதாக ஒன்றைக் கண்டவர், அது எதனோடு ஒத்தது, எதனின்று வேறுபட்டது எனக் கூறுவது கடினமாயிற்று. உலகம் போற்றிய ஆசானின் அந்த ஒற்றைச் சாதியைப் பிரிக்கும் பொறுப்பை அவரது மாணவரே ஏற்றார்.

முதலில் அவருக்குத் தேவைப்பட்டவை சொற்கள். இலை, தண்டு, பூ என்பன இல்லாத ஓர் உயிரை எவ்வாறு விவரிப்பது? எனவே இலைக்கனின் உடலுக்கு ‘தலஸ்’ என்றும், கிண்ணம் அல்லது தட்டுப்போன்ற வித்தி தரும் உறுப்புக்கு ‘அப்போதீசியம்’ என்றும் பெயரிட்டார். உடலின் வடிவம், நிறம், விளிம்பு, அந்தத் தட்டின் அமைப்பு, வளரும் இடம் ஆகியவற்றை ஒழுங்காகக் குறித்தார்.

ஓர் உதாரணம் பாருங்கள். வட நாட்டு மலைகளில் சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் ஓர் இலைக்கன் வளர்கிறது. அதன் கபில நிறத் தட்டுகள் இலைபோன்ற உடலினுள் பைபோலக் குழிந்திருக்கும். லினேயஸ் இதற்கு லைக்கன் சக்காட்டஸ் எனப் பெயரிட்டிருந்தார். அக்காரியஸ் இதனைச் சொலோரினா என்ற புதிய சாதியில் சேர்த்துச் சொலோரினா சக்காட்டா என்றார். சாதி மாறியது, ஆசான் இட்ட இனப்பெயர் நிலைத்தது.

இப்பணியை அவர் தனித்துச் செய்யவில்லை. நண்பர் ஓலோப் சுவார்ட்ஸ் துணைநின்றார். வடக்கே லப்லாந்தில் பயணம் செய்த யோரன் வாலன்பேர்க் கண்ட புதிய இனங்கள் அக்காரியஸின் 1803ஆம் ஆண்டு நூலில் விவரிக்கப்பட்டன. 1810இல் உலக இலைக்கன்கள் பற்றிய பெருநூலும் 1814இல் அதன் சுருக்க நூலும் வெளிவந்தன. 1819 ஓகஸ்ட் 14ஆம் திகதி வாட்ஸ்டேனாவில் அவர் காலமானார்.

அவர் கூறிய யாவும் நிலைத்தனவா? இல்லை. வெளித்தோற்றத்தையே அவர் பெரிதும் நம்பினார். பிற்காலத்தில் சிறந்த நுணுக்குக்காட்டிகள் கிடைத்தபோது வித்திகளின் அமைப்பும் வகைப்படுத்தலில் முக்கிய இடம்பெற்றது. இலைக்கன் என்பது பங்கசும் அல்காவும் சேர்ந்தது என்ற கருத்தைச் சைமன் சுவெண்டனர் 1867இல் முன்வைத்தார். ஆசானின் பிரிவை மாணவர் திருத்தியதுபோல, மாணவரின் பிரிவுகளையும் பின்வந்தோர் திருத்தினர்.

ஆயினும் அவர் ஆக்கிய சொற்கள் இன்றும் வழக்கிலுள்ளன. இன்று ஒருவர் சுண்ணாம்புப் பாறையில் புதிய இனமொன்றைக் கண்டால், வித்திகளை அளக்கிறார். இரசாயனச் சோதனையும் டி.என்.ஏ. ஆய்வும் செய்கிறார், பெயருக்கு ஆதாரமான மாதிரியைக் காப்பகத்தில் வைக்கிறார். அது உண்மையிலேயே புதியதா என அறியப் பழைய மாதிரிகளோடும் ஒப்பிடுகிறார். அக்காரியஸின் சேகரிப்பின் முக்கிய பகுதி பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் பேணப்படுகிறது.

மாணவர்களே, பெரியார் ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுதும்போது பிறப்பு, இறப்பு ஆண்டுகளோடு நின்றுவிடாதீர்கள். அவர் எதிர்கொண்ட சிக்கல் எது, அதை எவ்வாறு தீர்த்தார், எது இன்றும் நிலைக்கிறது என்பவற்றையும் எழுதுங்கள். சொலோரினா சக்காட்டாவின் முழு விஞ்ஞானப் பெயரை எழுதுவோர், அதன் பின்னே முதலில் லினேயஸின் பெயரையும் அடுத்து அக்காரியஸின் பெயரையும் சுருக்கி எழுதுவர். ஆசானைத் திருத்திய மாணவர், ஆசானின் பக்கத்திலேயே நிற்கிறார்.