வாத்தியார் மீது மண் வீசிய பையன் என்ஜினீயரிங் காலேஜ் தொடங்கினார்!

உத்திரமேரூர் பக்கம் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் இப்படி ஒரு பையன் இருப்பான். பம்பு செட் மெக்கானிக் பின்னாலேயே சுற்றுவான். வீட்டு மிக்சியைக் கழற்றிப் போட்டு அப்பாவிடம் உதை வாங்குவான். படிப்பு ஏறாத பயல் என்று ஊரே பேசும்.

அப்படி ஒரு கிராமத்துப் பையன்தான் ஜி.டி.நாயுடு.

கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893 மார்ச் 23-ந்தேதி விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பெயர் துரைசாமி. சின்ன வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் என்றாலே வேப்பங்காய். வாத்தியார் மீது மண்ணை வாரி வீசிவிட்டு ஓட்டம் பிடித்தார். ஆரம்ப வகுப்போடு படிப்புக்கு முழுக்கு!

தூக்கம் போச்சு

ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. வண்டி எப்படி ஓடுகிறது? பையனுக்குத் தூக்கம் போச்சு.

கோவைக்குக் கிளம்பி வந்தார். ஓட்டலில் சர்வர் வேலை. சம்பளத்தை மிச்சம் பிடித்து அதே மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார். வாங்கியதும் அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார். மறுபடியும் மாட்டினார். அவர் படித்த என்ஜினீயரிங் அதுதான்.

டிரைவரும் அவரே

1920-ல் ஒரே ஒரு பஸ்சை வைத்து பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்டினார். டிரைவரும் அவரே. அது யு.எம்.எஸ். என்ற கம்பெனியாக வளர்ந்தது. 1933-ல் 280 பஸ்கள்!

1937-ல் டி.பாலசுந்தரத்துடன் சேர்ந்து மின்சார மோட்டார் தயாரித்தார். இந்தியாவிலேயே முதல் மோட்டார் என்று அது பேர் வாங்கியது. பாட்டரியில் ஓடும் சவரக் கருவி, மண்எண்ணெயில் சுற்றும் மின்விசிறி, பழம் பிழியும் கருவி என்று அவர் கை சும்மா இருக்கவில்லை.

சர்க்காருடன் மோதல்

1945-ல் கோவையில் என்ஜினீயரிங் காலேஜ் தொடங்கினார். கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரைச் சூட்டினார். கருவியைக் கையால் தொட்டு வேலை செய்து படித்தால் நாலு வருஷம் எதற்கு, ரெண்டு வருஷம் போதுமே என்று வாதாடினார். சர்க்கார் ஒப்பவில்லை. நாயுடுவும் விட்டுக் கொடுக்கவில்லை. பதவியை உதறிவிட்டு வெளியேறினார்.

அவர் தொடங்கிய காலேஜ்தான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. அது இடம் மாறிப் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் பீளமேடு பக்கம் பஸ் ஸ்டாப்புக்கு ஹோப் காலேஜ் என்றுதான் இன்னும் பேர்.

1974 ஜனவரி 4-ந்தேதி நாயுடு காலமானார். 2025 அக்டோபரில் அவினாசி ரோட்டில் 10 கிலோ மீட்டர் நீள மேம்பாலம் திறக்கப்பட்டது. அதற்கு அவர் பெயரை வைத்தார்கள்.

மிக்சியைக் கழற்றிய பையன் மேல் கை ஓங்குகிற அப்பாக்கள் கொஞ்சம் பொறுக்கணும். திரும்ப மாட்டுகிறானா என்று பார்த்துவிட்டு அப்புறம் அடிக்கலாம்!